பழைய ரோடு சைக்கிளில் ஒரு பார்ட்டை மாற்றினால் வீட்டில் இன்னொரு சைக்கிள் முளைப்பது ஏன்? முழு விளக்கம்

ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸைப் பலருக்கும் தெரிந்திருக்கும். 'ஜுமான்ஜி' படத்தில் விளையாட்டுப் பலகைக்குள் மாட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் கழித்துத் தாடியோடு திரும்பி வருவாரே, அவர்தான். 2014ல் அவர் மறைந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த சைக்கிள்களில் 87 சைக்கிள்கள் 2016ல் ஏலத்துக்கு வந்தன. 6 லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களுக்கு உதவும் அமைப்புக்கும், தண்டுவடப் பாதிப்பு ஆய்வுக்கு உதவும் அறக்கட்டளைக்கும் அந்தப் பணம் போனது.

ஓட்டுவது ஒருத்தர். எதற்கு 87 சைக்கிள்?

அவர் நடிகர், கையில் காசு இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாதச் சம்பளக்காரர்களின் கராஜிலும் 5, 6 சைக்கிள்கள் தொங்குவது சாதாரணம். அதில் பாதியை அவர்கள் கடைக்குப் போய் முழுசாக வாங்கியதே இல்லை. பழைய சைக்கிள் ஒன்றைக் 'கொஞ்சம் புதுசாக்கலாம்' என்று ஆரம்பித்திருப்பார்கள். அதிலிருந்து மற்றவை வந்திருக்கும். எப்படி என்று பார்ப்போம்.

எந்தப் பழைய சைக்கிள்?

இங்கே பேசுவது ரோடு சைக்கிள் பற்றி. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான டயர், கியர். நம் ஊரில் 'ரேஸ் சைக்கிள்' என்பார்கள்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் உச்சத்துக்குப் போனது. 1973ல் மட்டும் அங்கே சுமார் 1.5 கோடி சைக்கிள்கள் விற்றன. பிரான்ஸின் பெஜோ, இங்கிலாந்தின் ராலே, உள்ளூர் ஷ்வின் என எல்லா கம்பெனியும் '10 ஸ்பீடு' சைக்கிளைக் கொண்டுவந்து குவித்தன. பின்னாலேயே ஜப்பான் கம்பெனிகளும் வந்தன. இன்று பழைய சாமான் சந்தைகளிலும் வீட்டு விற்பனைகளிலும் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்குதான்.

ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். அப்போது 10 ஸ்பீடு என்றால் முன்னால் 2 பல்சக்கரம், பின்னால் 5, பெருக்கினால் 10. இப்போது 10 ஸ்பீடு என்றால் பின்னால் மட்டுமே 10. இது தெரியாமல் பழைய '10 ஸ்பீடு' சைக்கிளுக்குப் புது '10 ஸ்பீடு' செயினை ஆர்டர் போட்டு ஏமாறுபவர்கள் உண்டு. புது செயின் ஒல்லியானது. பழைய பல்சக்கரங்களில் சரியாக ஓடாது.

ஃப்ரேம் நல்லதா? அதுதான் முதல் கேள்வி

எல்லாப் பழைய சைக்கிளும் செலவு செய்யத் தகுந்தது அல்ல. ஷ்வின் வார்சிட்டி மாதிரி மாடல்கள் லட்சக்கணக்கில் விற்றவை. ஆனால் இரும்புக் கனம். அதில் எந்த உயர்ந்த பார்ட்டை மாட்டினாலும் மேடு ஏறும்போது கனம் தெரியத்தான் செய்யும். டயர், பிரேக் மட்டும் சரி செய்து கடைக்குப் போய்வர வைத்துக்கொள்ளலாம்.

தேட வேண்டியது, ஃப்ரேமில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை. இங்கிலாந்தின் ரேனால்ட்ஸ் 531, இத்தாலியின் கொலம்பஸ், ஜப்பானின் டாங்கே, இஷிவாட்டா என்ற பெயர்கள் இருந்தால் மெல்லிய, உறுதியான ஸ்டீல் குழாயில் செய்த ஃப்ரேம் என்று அர்த்தம். ரேனால்ட்ஸ் 531 விற்பனைக்கு வந்தது 1935ல். பல பத்தாண்டுகள் டூர் டி பிரான்ஸ் வீரர்களின் கால்களுக்குக் கீழே இருந்த குழாய் அது.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ரேனால்ட்ஸ் இருந்தது பிரிட்டனின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில். 1960ல் ராலேயும் அதே குழுமத்துக்குள் வந்தது. 1980ல் யோப் சூட்டமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றது டி.ஐ. ராலே அணிக்காக. அந்த 'டி.ஐ.' ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான். அதே குழுமமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949ல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நம் வீட்டு வாசலில் நின்றவை அங்கிருந்து வந்தவை. டூர் டி பிரான்ஸ் சைக்கிளும் பால்காரர் சைக்கிளும் ஒருவகையில் பங்காளிகள்.

ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு இரண்டு இடத்தைக் கையால் சோதிக்க வேண்டும். சீட் பைப் மேலும் கீழும் நகர்கிறதா? ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் கழன்று வருகிறதா? ஸ்டீல் ஃப்ரேமுக்குள் அலுமினிய சீட் பைப் பல வருஷம் கிரீஸ் இல்லாமல் இருந்தால் இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். அதைப் பிரிக்க வாள் போட்டு அறுக்கும் நிலைகூட வரலாம். பெயிண்ட் போயிருந்தால் கவலை இல்லை. சீட் பைப் இறுகியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசிக்கணும்.

முதல் செலவு எதற்கு?

கியருக்கு அல்ல. டயர், பிரேக், கேபிள்.

பழைய சைக்கிள்கள் பலவற்றில் பளபளக்கும் குரோம் பூசிய ஸ்டீல் ரிம் இருக்கும். பார்க்க அழகு. மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். பிரேக்கைப் பிடித்த பிறகும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். அலுமினிய ரிம்முக்கு மாறுவதுதான் பழைய சைக்கிளுக்குச் செய்யும் மாற்றங்களிலேயே பெரியது. வேகத்துக்காக இல்லை, உயிருக்காக. அடுத்தது பிரேக் கட்டை. 30 வருஷ ரப்பர் கல் மாதிரி ஆகியிருக்கும். புதிய கட்டை, புதிய கேபிள், புதிய டயர் போட்டு, பால்ரஸ்களைக் கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்து ஓவராயில் பண்ணினாலே பாதி சைக்கிள் புதுசாகிவிடும்.

நியாயமாக இங்கே நிறுத்தியிருக்கலாம். யாரும் நிறுத்துவதில்லை.

ஒரு லீவர் எத்தனை பார்ட்டை இழுக்கும்?

பழைய ரோடு சைக்கிளில் கியர் மாற்றும் லீவர் ஃப்ரேமின் கீழ்க் குழாயில் இருக்கும். ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் குனிந்து மாற்ற வேண்டும். ஜப்பானின் ஷிமானோ 1990ல் பிரேக்கையும் கியரையும் ஒரே லீவரில் சேர்த்து எஸ்.டி.ஐ. என்று கொண்டுவந்தது. ஒரு தடவை அதை ஓட்டிப் பார்த்தவருக்குத் தன் பழைய சைக்கிளிலும் அது வேண்டும் என்று தோன்றும். நியாயமான ஆசை. 'லீவர் மட்டும்தானே' என்று ஆரம்பிப்பார்.

புது லீவர் 10 பல்சக்கரத்துக்கானது. பின்சக்கரத்தில் இருப்பதோ 5. அதனால் 10 பல்சக்கர கேசட் வேண்டும். பழைய சக்கரத்தில் கேசட் ஏறாது. அதில் இருப்பது மரையில் திருகி மாட்டும் ஃப்ரீவீல். ஆகவே பின்சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

புதுச் சக்கரம் ஃப்ரேமுக்குள் நுழையாது. 5 பல்சக்கரக் காலத்து ஃப்ரேமில் சக்கரம் உட்காரும் இடைவெளி 120 மி.மீ. பின்னால் 6, 7 பல்சக்கரம் வந்தபோது அது 126 ஆனது. 8 முதல் 11 வரை உள்ள ரிம் பிரேக் சக்கரங்களுக்கு 130 மி.மீ. வேண்டும். ஃப்ரேம் ஸ்டீலாக இருந்தால் தெரிந்த மெக்கானிக் அதை விரித்துத் தருவார். 126ஐ 130 ஆக்க, பக்கத்துக்கு 2 மி.மீ. போதும். இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்று ஃப்ரேமைச் சுற்றி நூல் கட்டி அளப்பார். சக்கரம் உட்காரும் காதுகள் இரண்டும் நேருக்கு நேர் நிற்கும்படி திருத்துவார். அலுமினியம் அல்லது கார்பன் ஃப்ரேமில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. விரியாது, விரிசல் விடும்.

சரி, சக்கரம் நுழைந்துவிட்டது. ஆனால் பழையது 27 இஞ்ச், புதியது 700 சி. பெயரைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும். டயர் உட்காரும் இடத்தின் விட்டத்தை அளந்தால் 27 இஞ்ச் என்பது 630 மி.மீ., 700 சி என்பது 622. வித்தியாசம் 8. அதனால் பிரேக் கட்டையை 4 மி.மீ. கீழே இறக்கணும். பல பழைய பிரேக்குகளில் அந்த அளவுக்கு இடம் இருக்கும். இல்லை என்றால் நீளக் கை உள்ள வேறு பிரேக் வாங்கணும். இன்றைய பிரேக்குகள் உள்ளே புதையும் நட்டில் மாட்டுபவை. பழைய ஃப்ரேமில் வெளி நட்டு. துளையைப் பெரிதாக்க வேண்டிவரும்.

பல்சக்கரம் மாறியதால் ஒல்லியான செயின். அந்தச் செயினைத் தள்ளிவிட புது டீரெய்லர். முன்னால் இருக்கும் தடித்த பல்சக்கரத்தில் ஒல்லிச் செயின் சரியாக இறங்காவிட்டால் கிராங்க் செட்டும் போச்சு. கிராங்க் போனால் அது சுழலும் பி.பி. அச்சு. கீழ்க் குழாயில் லீவர் இருந்த இடத்தில் கேபிள் நிற்க ஒரு தடுப்பு. புது லீவர் முன்னால் நீண்டு நிற்பதால் கைக்கு எட்டாமல், கடைசியில் ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும்.

லீவர் மட்டும்தான் என்று ஆரம்பித்தது. மிச்சம் இருப்பது ஃப்ரேமும் சீட்டும்.

நாட்டுக்கு ஒரு மரை

பி.பி.யைக் கழற்றும் இடத்தில்தான் பல நல்ல ஃப்ரேம்கள் வீணாகின்றன. இங்கிலீஷ் மரையில் செயின் இருக்கும் பக்கம் இடது மரை; கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இத்தாலிய ஃப்ரேமில் இரண்டு பக்கமும் வலது மரை. பழைய பிரெஞ்சிலும் இரண்டும் வலது, ஆனால் விட்டம் வேறு: இத்தாலிக்கு 36 மி.மீ., பிரான்ஸுக்கு 35. ராலே தன் நாட்டிங்ஹாம் ஆலைக்கென்று தனி மரையே வைத்திருந்தது. மற்ற இங்கிலீஷ் சைக்கிள்களில் ஒரு இஞ்சுக்கு 24 சுற்று என்றால், ராலேயில் 26.

திசை தெரியாமல் நீளமான ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு திருப்பினால் மரை மழுங்கும். பெஜோ சைக்கிளின் ஸ்டெம் 22.0 மி.மீ., மற்றவர்களுடையது 22.2. அந்த 0.2 மி.மீ.ருக்காகச் சுத்தியால் அடித்து இறக்கினால் கழுத்துக் குழாய் பிளந்துவிடும். எனவே கழற்றும் முன் எந்த நாட்டு ஃப்ரேம் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

பெடலை எல்லோரும் கழற்றியிருப்போம். அதிலும் இடது பெடல் இடது மரை. நம் ஊர் சைக்கிள் கடைப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்வார்கள்.

ஏன் ஒரே கம்பெனி பார்ட்ஸே ஒன்றுக்கொன்று சேருவதில்லை?

இதற்கு ஜப்பானின் சக்காய் நகரத்துக்குப் போகணும். ஒசாகா பக்கத்தில் இருக்கும் ஊர். கத்திக்கும், ஒரு காலத்தில் துப்பாக்கிக் குழாய்க்கும் பேர் போனது. அந்த இரும்பு வேலைதான் பின்னால் சைக்கிள் பார்ட்ஸாக மாறியது. 1912ல் தொடங்கிய மயேதா இரும்பாலையும் (பின்னாளில் சன்டூர் என்ற பெயரில் பிரபலம்), 1921ல் தொடங்கிய ஷிமானோவும் ஒரே ஊர்.

1964ல் சன்டூர் ஒரு வேலை செய்தது. டீரெய்லரைக் கொஞ்சம் சாய்வாக அமைத்தது. அதனால் சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரியதுக்குப் போகும்போதும், செயினுக்கும் பல்லுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. கியர் சுத்தமாக விழுந்தது. சாதாரண மாற்றம் போலத் தெரியும். இன்று கிட்டத்தட்ட எல்லா ரோடு சைக்கிளிலும் இருப்பது அதன் வழிவந்ததுதான். அந்தக் காப்புரிமை 1984ல் முடிந்தது. அதே காலத்தில் ஷிமானோ அந்தச் சாய்வை எடுத்துக்கொண்டு, 'கிளிக்' என்று ஒரு சத்தத்தில் ஒரு கியர் விழும் எஸ்.ஐ.எஸ். முறையைக் கொண்டுவந்தது. சன்டூரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1990களின் நடுவில் அதன் கதை முடிந்தது. பெயர் மட்டும் வேறு கம்பெனியோடு சேர்ந்து இப்போதும் இருக்கிறது.

'கிளிக்' வந்ததும்தான் பொருந்தாத பிரச்சினை பெரிதானது. அதற்கு முன் லீவர் எங்கேயும் நிற்கும். ஓட்டுபவர் காதால் கேட்டு, கையால் சரி செய்வார். எந்தக் கம்பெனி டீரெய்லரும் எந்தப் பல்சக்கரமும் ஓடும். கிளிக் லீவர் அப்படி இல்லை. ஒரு கிளிக்குக்கு எத்தனை மி.மீ. கேபிள் இழுக்கிறது, அதற்கு டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது, பல்சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி – மூன்றும் ஒத்துப்போகணும். ஷிமானோவின் அந்தக் காலத்து உயர்ந்த வகையான டியூரா-ஏஸ் 7400, அதே ஷிமானோவின் மற்ற வகைகளோடு சேராது. கேபிள் கணக்கு வேறு.

அதனால் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு பழைய வழி இன்னும் இருக்கிறது. கிளிக் இல்லாத உராய்வு லீவரையே வைத்துக்கொள்வது. 126 மி.மீ. ஃப்ரேமில், இருக்கும் சக்கரத்திலேயே 7 பல்சக்கர ஃப்ரீவீல் போடலாம். மேட்டுக்கு ஏற்ற பெரிய பல் கிடைக்கும், ஃப்ரேமை விரிக்க வேண்டாம். குறை என்னவென்றால் ஃப்ரீவீல் அகலமாக ஆக, வலது பக்க அச்சு தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். கனமானவர்கள் ஓட்டினால் வளையலாம், உடையலாம். கேசட் முறை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதில் பால்ரஸ் அச்சின் ஓரத்துக்கே நகர்ந்துவிட்டது.

இரண்டாவது சைக்கிள் எங்கிருந்து வருகிறது?

முன்னால் சொன்ன லீவர் கதையை மறுபடி பாருங்கள். வேலை முடிந்ததும் தரையில் என்ன கிடக்கிறது? இரண்டு சக்கரம், ஃப்ரீவீல், டீரெய்லர்கள், கிராங்க், பிரேக், லீவர், ஹேண்டில்பார், ஸ்டெம். எல்லாம் ஓடும் நிலையில் உள்ளவை. தூக்கிப் போட மனசு வராது. ஒரு ஃப்ரேம் மட்டும் கிடைத்தால் சைக்கிள் ஆகிவிடும். பழைய ஃப்ரேம் மலிவாகத்தான் கிடைக்கும்.

வாங்குவார். அதுவும் ஒரு சைக்கிளாக எழுந்து நிற்கும். அதில் பிரேக் மட்டும் கொஞ்சம் சரியில்லை என்று தோன்றும்.

வெலோமினாட்டி என்ற சைக்கிள் பித்தர்கள் குழு பாதி வேடிக்கையாக, பாதி சீரியஸாகச் சில விதிகளைத் தொகுத்திருக்கிறது. அதில் 12ஆவது விதி: வைத்திருக்க வேண்டிய சைக்கிள்களின் எண்ணிக்கை, என் பிளஸ் ஒன். இப்போது எத்தனை இருக்கிறதோ அதோடு ஒன்று. அதாவது கணக்கு முடியவே முடியாது. அதே விதியில் ஒரு உச்சவரம்பும் உண்டு: எஸ் மைனஸ் ஒன். எஸ் என்பது, கணவனோ மனைவியோ வீட்டை விட்டுப் போகவைக்கும் எண்ணிக்கை.

சிரிப்பாக இருந்தாலும் இழப்பு நிஜம். மேலே சொன்ன பார்ட்ஸை எல்லாம் சில்லறையில் தனித்தனியாக வாங்கினால், அதே பார்ட்ஸோடு முழுசாக வரும் சைக்கிளின் விலையை எளிதில் தாண்டிவிடும். கம்பெனி மொத்தமாக வாங்குகிறது. தனி ஆள் ஒவ்வொன்றாக, தபால் செலவோடு வாங்குகிறார். விற்கும்போதும் அந்தப் பணம் திரும்புவதில்லை. வாங்குபவர் பழைய ஃப்ரேமைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

சும்மா நிற்கும் சைக்கிளும் அப்படியே இருப்பதில்லை. காற்று இறங்கிய டயரின் பக்கச் சுவர் மடிந்து வெடிக்கும். கிரீஸ் மெழுகு மாதிரி இறுகும். அதனால் 6 சைக்கிள் வைத்திருப்பவரிடம், அவசரத்துக்கு எடுத்தால் உடனே ஓடும் நிலையில் இருப்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான்.

கழற்றிய பார்ட்ஸைத் தூக்கிப் போடலாமா?

அவசரப்பட வேண்டாம். இத்தாலியின் டஸ்கனியில் கயோலே என்ற ஊரில் 1997 முதல் 'எராய்கா' என்ற பழைய சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. வெள்ளை மண் சாலைகளில் நாள் முழுக்க ஓட்டுவார்கள். கலந்துகொள்ள 1987க்கு முன் செய்த ரோடு சைக்கிள் வேண்டும். கியர் லீவர் கீழ்க் குழாயில் இருக்க வேண்டும். பெடலில் வார் இருக்க வேண்டும். பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து நிற்க வேண்டும்.

அதாவது ஆசை ஆசையாக எஸ்.டி.ஐ. லீவர் மாட்டியவர் இந்த ஓட்டத்துக்கு வெளியே. கழற்றிப் போட்ட குப்பையை வைத்திருந்தவர் உள்ளே. இத்தாலியின் கம்பனோலோ மாதிரி பெயர் பொறித்த பழைய பார்ட்ஸுக்கு இதனால்தான் தேடி வரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஃப்ரேமோடு பிறந்த பார்ட்ஸ் முழுசாக இருந்தால், அந்த சைக்கிளைப் பிரிக்காமல் விடுவதே நல்லது. புது கியர் வேண்டுமென்றால் ஏற்கனவே பாதி பார்ட்ஸ் தொலைந்துபோன வேறு ஃப்ரேமில் செய்யலாம்.

ஒரே ஒரு பழைய பார்ட்டில் மட்டும் பாசம் கூடாது. அலுமினிய ஸ்டெம், ஹேண்டில்பார், கிராங்க். ஸ்டீல் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் பல வருஷ அதிர்வில் முடி மாதிரி விரிசல் விட்டு, ஒரு நாள் சொல்லாமல் ஒடியும். ஸ்டெம் ஹேண்டில்பாரைக் கவ்வும் இடத்தையும், கிராங்கில் பெடல் திருகும் துளையைச் சுற்றியும் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்கணும். கோடு தெரிந்தால் விற்கவும் வேண்டாம், பெட்டியில் வைக்கவும் வேண்டாம்.

செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் ஆரம்பக் கோட்டை வைத்தால், புது செயினில் சரியாக 12 இஞ்சில் இன்னொரு பின் வரும். அது ஒரு இஞ்சில் 16ல் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 8ல் ஒரு பங்கு தள்ளிவிட்டால் பின் பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.